கொட்டைக் காசு

பங்குனி மாதம் ஆரணிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால், மதிய வேளையில் தெருவெல்லாம் ஒரே சத்தம்தான். புளி தட்டுகிற சத்தம். திண்ணையில் கல்லைப் போட்டு, கட்டையால் பழத்தைத் தட்டி, ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பெண்கள் பிரித்துப் போடுவார்கள். பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொட்டைதான்.

புளி விற்ற பணம் வீட்டுக் கணக்கில் சேரும். உரக்கடை பாக்கிக்கோ, சங்கத்துக் கடனுக்கோ போய்விடும். கொட்டை விற்ற பணம் மட்டும் தட்டிய பெண்ணின் கைக்கு வரும். அதற்குக் 'கொட்டைக் காசு' என்று பெயர் வைத்திருந்தார் ஒரு வீட்டம்மா. அவருடைய வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் நிலம். பாதி நெல், பாதி வேர்க்கடலை. வரப்பில் அப்பா காலத்துப் புளியமரங்கள் ஏழு. மகள் ஆரணியில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். அவளுடைய பரீட்சைக் கட்டணம் ஒவ்வொரு வருடமும் கொட்டைக் காசில்தான் கட்டப்படும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தக் காசு வரவில்லை.

அந்த வருடம் புளி தட்டி முடித்த வாரம் கோடை மழை பெய்தது. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வைத்திருந்த கொட்டை மூட்டைகள் நனைந்துவிட்டன. நடவு வேலை இருந்ததால் நாலைந்து நாள் கழித்துத்தான் யாரும் பார்த்தார்கள். களத்தில் கொட்டி, வெயிலில் காய வைத்து, மறுபடியும் மூட்டை கட்டினார்கள். வியாபாரி வந்தார். ஒரு கை அள்ளினார், முகர்ந்தார், பல்லால் ஒன்றை உடைத்துப் பார்த்தார். காய்ந்த மூட்டை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தொடாமல் போய்விட்டார்.

"நனைஞ்சா இன்னா? காய வச்சாச்சு. கல்லு மாதிரிதான கீது?" என்று வீட்டம்மா கேட்டதற்கு வியாபாரியிடம் பதில் இல்லை. "மில்லுல எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

மகளின் கட்டணத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார்கள். 'காய்ந்த பிறகும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?' என்ற கேள்வி மட்டும் அந்த அம்மாவின் மனதை விட்டுப் போகவில்லை.

தறிவீட்டுக் கவலை

அந்த அம்மா பிறந்த வீடு ஆரணி டவுனில். நெசவுக் குடும்பம். ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும்: ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. இந்த இரண்டும் சந்திக்கிற இடம் பாவு. சாயம் போட்ட பட்டு நூலைப் பாவாக விரித்து, அரிசிக் கஞ்சி தெளித்து, நீவிவிட்டுக் காய வைப்பது பட்டு ஊர்களின் பழைய வழக்கம். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

ஏன் கஞ்சி? புழு நூற்ற பட்டு இழையின்மேல் இயற்கையாகவே ஒரு பிசின் இருக்கும். செரிசின் என்று பெயர். அது ஒரு புரதம். பச்சைப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சாயம் ஏறவும், மினுமினுப்பு வரவும், சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அந்தப் பிசினை எடுத்துவிடுகிறார்கள். பிசின் போனதும் இழை மென்மையாகிறது. கூடவே அதன் கவசமும் போய்விடுகிறது. தறியில் ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் பாவு இழை அச்சில் உரசும், விழுதில் உரசும். கவசம் இல்லாத இழை சிலும்பும், அறுந்துபோகும். போன கவசத்துக்கு மாற்றுக் கவசம்தான் கஞ்சி.

அந்த வருடம் தம்பியின் தறியில் பாவு அடிக்கடி அறுந்தது. முதலாளி கொடுத்த பாவு அது. மூன்று சேலைக்கான நூல். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே பாதி நாள் போய்விடும். சேலையில் குறை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஏற்கெனவே அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார் தம்பி. ஒரு தறியை முன்பே கழற்றி வைத்தாகிவிட்டது. இருக்கிற ஒன்றும் நின்றால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, மூலையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். "மாமா, மில்லுங்கள்ல நூலுக்குப் புளியங்கொட்டை மாவுதான் கஞ்சி போடுவாங்களாமே. நம்மகிட்ட மூட்ட மூட்டயா கீது. பாவுக்கு அதையே காய்ச்சிப் போட்டா இன்னா?" என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. மில்களில் அப்படிச் செய்வது உண்மைதான்.

கொட்டைக்குள் இருப்பது

புளியங்கொட்டையின் சிவப்புத் தோலை நீக்கினால் உள்ளே வெள்ளையாகப் பருப்பு. தோல் கொட்டையின் எடையில் கால் பங்குக்கு மேல் போகும். மீதிப் பருப்பில் கொஞ்சம் புரதம், கொஞ்சம் எண்ணெய். பெரும்பகுதி ஒரு பிசின். முளைத்து வரும் செடிக்கு ஆரம்பச் சாப்பாடாக மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது.

நெல், சோளத்தில் இந்தக் கட்டுச்சோறு மாவுச்சத்தாக இருக்கும். வேர்க்கடலையில் பெரும்பாலும் எண்ணெய். புளியங்கொட்டையில் சைலோகுளுக்கன் என்கிற பிசின். கொத்தவரை விதையிலும் வெந்தயத்திலும் காலக்டோமன்னன் என்கிற வேறொரு பிசின். ஊறவைத்த வெந்தயம் வழவழப்பாவது அதனால்தான். உளுந்திலும் ஒரு வழவழப்பு உண்டு. அது இல்லையென்றால் இட்லி மாவு காற்றைப் பிடித்து வைக்காது, இட்லி கல்லாகிவிடும். சப்ஜா விதை தண்ணீரில் போட்டதும் சுற்றிலும் கூழ் கட்டுவதும் இதே குடும்பத்துச் சமாச்சாரம்தான்.

இவை எல்லாமே சர்க்கரைகள்தான். ஆனால் இனிக்காது. ஆயிரக்கணக்கான சர்க்கரை மணிகளை ஒரே சரத்தில் கோத்த மாலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசி மாவில் இருப்பதும் குளுக்கோஸ் மணி, பருத்தி நூலில் இருப்பதும் குளுக்கோஸ் மணி. கோத்த விதம்தான் வேறு. அரிசியில் சரம் சுருண்டிருக்கும், வேகவைத்தால் கரையும். பருத்தியில் சரம் நேராக இருக்கும். பக்கத்துச் சரத்தோடு இறுக ஒட்டிக்கொள்வதால் எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது.

புளியங்கொட்டைப் பிசினில் நடுச்சரம் பருத்தியுடையதைப் போலவே நேரான குளுக்கோஸ் சரம். ஆனால் நான்கு மணிக்கு மூன்று மணி என்ற கணக்கில் சைலோஸ் என்ற சர்க்கரை கிளையாக ஒட்டியிருக்கும். அந்தக் கிளைகளில் சிலவற்றின் நுனியில் காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. இந்தக் கிளைகள் சரங்களை ஒன்றோடொன்று இறுக விடாமல் தள்ளி வைக்கின்றன. இடையில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. அதனால்தான் பருத்தி கரையாத இடத்தில் இது கூழாகிறது.

நீண்ட சரங்கள் தண்ணீருக்குள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதைத்தான் நாம் 'கெட்டி' என்கிறோம். சிக்குப்பிடித்த நூல் கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும்போது சிக்கு அவிழாது. ஒரு பக்கமாகச் சீராக இழுத்தால் இழைகள் ஒரே திசையில் படிந்து வழிவிடும். கெட்டியான கூழும் அப்படித்தான். கரண்டியால் வேகமாகக் கிண்டினால் இளகும், நிறுத்தினால் பழையபடி கெட்டியாகும். நூலுக்குப் போடும் கஞ்சிக்கு இந்தக் குணம் வேண்டும். தடவும்போது இளகி இழைக்குள் இறங்க வேண்டும், தடவிய பின் வழியாமல் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். மாவை இரண்டு மடங்காக்கினால் கெட்டியும் இரண்டு மடங்காகும் என்று நினைக்கக் கூடாது. சரங்கள் நெருங்க நெருங்கச் சிக்கு பல மடங்காகப் பெருகும். இரண்டு மடங்கு மாவுக்குக் கெட்டி பத்து மடங்குகூட ஏறலாம். புளியங்கொட்டை மாவைக் கை அளவில் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்தப் பிசினுக்கு மவுசு எப்போது வந்தது?

பஞ்ச காலத்தில் வறுத்துத் தின்னவும், கம்பளி நெய்கிறவர்கள் நூலுக்குப் பசையாகத் தடவவும் புளியங்கொட்டை முன்பே பயன்பட்டது. தெலங்கானாவின் சேரியல் ஊரில் ஓவியத் திரைச்சீலைக்குத் துணியைப் பதப்படுத்தவும் இந்தப் பசைதான். இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், 1942-ல், டி.பி. கோஷ், எஸ். கிருஷ்ணா என்ற இரு இந்திய விஞ்ஞானிகள், தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பில் 46 முதல் 48 சதம் வரை கூழாக உறையும் பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். பிறகு பருத்தி, சணல் ஆலைகள் மக்காச்சோள மாவுக்குப் பதிலாக இதை எடுக்க ஆரம்பித்தன. சர்க்கரை அதிகம் சேர்த்தால் இது ஜாம் போல உறையும். ஜப்பானில் இதைச் சுத்தப்படுத்தி உணவுப் பண்டங்களில் சேர்க்கிறார்கள். கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில்கூட இந்தப் பிசின் உண்டு. கண்ணீரைப் போலக் கண்ணின் மேல் நின்று, இமைக்கும்போது இளகிக் கொடுக்கும் குணத்துக்காக.

கூழ் எப்படி ஓடுகிறது என்பதற்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தேகம் வந்தால் கொத்தவரையைப் பார்க்கலாம். நாம் பொரியல் செய்கிற அதே கொத்தவரையின் முற்றிய விதைதான் குவார். உலகத்துக்குத் தேவையான குவாரில் பெரும்பகுதி இந்தியாவில், முக்கியமாக ராஜஸ்தானில் விளைகிறது. அதன் பிசினை நூற்றுக்கு ஒரு பங்கு போட்டாலே தண்ணீர் பல ஆயிரம் மடங்கு கெட்டியாகும். அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற கம்பெனிகள், மணலைப் பாறை இடுக்குக்குள் சுமந்து செல்ல இந்தக் கூழைத் தேடின. 2012 தொடக்கத்தில் குவார் விதை குவிண்டால் 30,000 ரூபாயைத் தொட்டது. அந்த மார்ச் மாதம் அரசு அதன் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தது. விலையைப் பார்த்து அடுத்த பருவம் எல்லோரும் குவார் விதைத்தார்கள். விலை இறங்கியது. 2014-க்குப் பின் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது இன்னும் விழுந்தது. நல்ல பொருளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் எங்கேயோ நடக்கிற ஒரு தொழிலை மட்டும் நம்பி நிலம் முழுவதையும் அதற்கே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே பாடம்.

அடுப்படியில் நடந்த சோதனை

தம்பி சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. விற்காத கொட்டை பாவுக்காவது உதவட்டும் என்று நினைத்தார். டவுனிலிருந்து மாமியாரும் வந்தார். எழுபது வயது. கணவர் இருந்த காலத்தில் ஐம்பது வருடம் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய கை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "மாப்ளே, இன்னா வேணா காய்ச்சுங்க. பாவுமேல மட்டும் ஊத்தாதீங்க. மொதல்ல கழிவு நூல்ல போட்டுப் பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு மூன்று சேலையைக் காப்பாற்றியது.

முதல் முறை கொட்டையைச் சிவக்கச் சிவக்க வறுத்துவிட்டார்கள். தோல் சுலபமாக உரிந்தது. ஆனால் பருப்பும் பழுப்பாகிவிட்டது. அதிகச் சூடு பட்டால் சரங்கள் உடைந்து கூழ் நீர்த்துப்போகும். தோல் துணுக்குகளும் கலந்திருந்ததால் டிகாக்‌ஷன் நிறம் வந்தது. தோலில் இருக்கிற துவர்ப்புச் சத்து துணியில் கறையாக ஏறும். தூக்கிக் கொட்டினார்கள்.

இரண்டாம் முறை இளம் சூட்டில் வறுத்து, தோலைச் சுத்தமாகப் புடைத்து, அரைத்து, மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள். கட்டி கட்டியாகத் திரண்டது. ஒவ்வொரு கட்டியின் மேல்புறமும் உடனே ஊறிக் கூழாகி மூடிக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் போக வழியில்லை. கட்டியை உடைத்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருந்தது. கேழ்வரகுக் கூழ் கிண்டுகிற எந்த வீட்டிலும் இது தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் மறந்துவிட்டது.

மூன்றாம் முறை மாமியார் கரண்டியைக் கையில் வாங்கினார். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினார். கொத்தவரைப் பிசின் போல இது பச்சைத் தண்ணீரில் முழுசாகக் கரையாது. இருபது நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஆறியதும் கரண்டியைத் தூக்கினார். நூல்போல இறங்கியது, அறுபடவில்லை. "இது நல்ல கஞ்சி" என்றார். அவர் பார்த்ததைத்தான் ஆய்வுக்கூடத்தில் பாகுத்தன்மை என்று சொல்லிக் கருவி வைத்து அளக்கிறார்கள்.

மகள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆயா, நனைஞ்ச மூட்டையிலருந்தும் கொஞ்சம் அதே மாதிரி காய்ச்சு. அதே அளவு மாவு, அதே அளவு தண்ணி, அதே நேரம்." ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டாள். துளையை விரலால் மூடி, ஆறிய கூழைக் கோடு வரை ஊற்றி, விரலை எடுத்துவிட்டு எண்ணினாள். காய்ந்த மூட்டைக் கொட்டையின் கூழ் இறங்கி முடிப்பதற்குள் எண்ணி எண்ணி அலுத்துவிட்டது. நனைந்த மூட்டையின் கூழ் அதில் பாதி எண்ணிக்கைக்குள் காலியாகிவிட்டது.

வீட்டம்மா தன் கேள்விக்கான பதிலை அந்த டம்ளரில் பார்த்தார்.

விதை முளைக்கும்போது, தான் சேர்த்து வைத்த சரத்தைத் தானே நறுக்கிச் சர்க்கரையாக்கிச் செடிக்குக் கொடுக்கும். அதற்கான நொதிகள் அதனிடமே உண்டு. நனைந்து நாலைந்து நாள் மூட்டைக்குள் வெந்துகொண்டிருந்தால், முளைக்காவிட்டாலும் பூஞ்சை வந்துவிடும். பூஞ்சைக்கும் அதே நறுக்குகிற வேலை தெரியும். நீளமான சரம் துண்டு துண்டானால் சிக்கு பிடிக்காது. சிக்கு பிடிக்காவிட்டால் கூழ் கெட்டியாகாது. எடை குறையாது, வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெயிலில் காய வைத்தால் தண்ணீர் போகும். அறுந்த சரம் மறுபடி சேராது. "நனைஞ்சா இன்னா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். மில்காரர் வாங்குவது கொட்டையை அல்ல, அந்தச் சரத்தின் நீளத்தை.

பருத்திக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று

நல்ல கூழில் கொஞ்சம் பருத்தி நூலையும், கொஞ்சம் கழிவுப் பட்டு நூலையும் தோய்த்து நிழலில் காய வைத்தார்கள். பக்கத்திலேயே அரிசிக் கஞ்சியில் தோய்த்த பட்டு நூல்.

மறுநாள் காலையில் மாமியார் மூன்றையும் விரலில் சுற்றிப் பார்த்தார். பருத்தி நூல் அருமையாக இருந்தது. சிலும்பு அடங்கி, கம்பிபோல நின்றது. புளியங்கொட்டைக் கூழில் தோய்ந்த பட்டு நூல் விறைத்திருந்தது. மினுமினுப்பு மங்கியிருந்தது. வளைத்து நீவினால் பொடி உதிர்ந்தது. அரிசிக் கஞ்சி போட்ட பட்டு வளைந்து கொடுத்தது. "எதுக்கு எதுவோ, அதுக்கு அது" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கும் காரணம் உண்டு. செடியின் உடலில் சைலோகுளுக்கனுக்கு ஒரு வேலை இருக்கிறது. செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகளோடு ஒட்டிக் கிடப்பது. பருத்தியும் சணலும் செல்லுலோஸ். நடுச்சரம் ஒரே மாதிரி இருப்பதால் பிறந்த வீட்டு உறவுபோல ஒட்டிக்கொள்ளும். பட்டு அப்படியல்ல, அது புரதம். அந்த உறவு அங்கே இல்லை. மில் துணியில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நெய்து முடித்ததும் கஞ்சியைக் கழுவி நீக்கிவிடுவார்கள். தறியிலிருந்து அறுத்த பட்டுச் சேலையை யாரும் துவைத்து விற்பதில்லை. பாவில் போட்டது சேலையோடுதான் போகும். நிறமும், தொட்டால் தெரிகிற மென்மையும் கெட்டால் நெய்தவர் தலையில்தான் விழும்.

தம்பியின் பாவு அறுந்ததற்குக் காரணத்தையும் மாமியாரே கண்டுபிடித்தார். மகன் முதல் நாள் மீந்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அரிசிக் கஞ்சி ஆறிக் கிடந்தால் அதன் சரங்கள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று இறுகி, தண்ணீரைக் கக்கிவிடும். பழைய கஞ்சியின்மேல் நீர் தெளிந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது இழையில் பரவாது, திட்டுத் திட்டாகத்தான் ஒட்டும். "அன்னன்னிக்குக் காய்ச்சணும்டா. ஒங்கப்பா ஒரு நாளும் பழங்கஞ்சியத் தொட்டதில்ல" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த விடியற்காலையில் அம்மாவும் மகனும் சேர்ந்து பாவுக்குப் புதுக் கஞ்சி போட்டார்கள். இழை அறுவது அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் மூன்று சேலையும் குறையில்லாமல் இறங்கின. கம்பெனி வேலைப் பேச்சு அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

மறு வருடம்

அடுத்த பங்குனியில் அந்த அம்மா சில மாற்றங்கள் செய்தார். எதற்கும் பெரிய செலவில்லை.

தட்டிய கொட்டையில் ஒட்டியிருந்த புளிச் சதையை நன்றாக நீக்கினார். சதை ஒட்டியிருந்தால் அது ஈரத்தை இழுக்கும். களத்து மண்ணில் போடாமல் தார்ப்பாயில் பரப்பி, கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை காய வைத்தார். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கினார். ஒரு மூட்டை நனைந்துபோனால் அதைத் தனியே வைப்பது, நல்லதோடு கலக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். கலந்தால் இரண்டுக்கும் நனைந்ததன் விலைதான்.

வேர்க்கடலை மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றினார். இது முக்கியம். புளியங்கொட்டையைத் துளைக்கிற வண்டும், சேமித்த வேர்க்கடலையைத் துளைக்கிற வண்டும் ஒன்றுதான். மரத்தில் பழம் இருக்கும்போதே முட்டையிட்டுக் கொட்டையோடு வீட்டுக்குள் வந்துவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால், அடுத்த பருவத்துக்கு வைத்த விதைக் கடலைக்கு நாமே வழி காட்டியதாகும். ஒரு கை கொட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் துளைத்தது மிதக்கும். சோதித்த கொட்டையை மூட்டையில் திரும்பப் போடக் கூடாது.

வீட்டிலேயே மாவாக்கி விற்கலாமா என்று வீட்டுக்காரர் யோசித்தார். பருப்பில் எண்ணெய் இருப்பதால் அரைத்த மாவு நாளானால் காறிப்போகும், வாடை வரும். முழுக் கொட்டையாக இருக்கும்வரை தோல் அதைக் காக்கும். வாங்க ஆள் உறுதியாகும் முன்னால் அரைத்து வைப்பது நஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

வியாபாரி வந்த அன்று திண்ணையில் இரண்டு துளை டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் அந்த வருடக் கொட்டையின் கூழ், இன்னொன்றில் விற்காமல் கிடந்த பழைய கொட்டையின் கூழ். அந்த அம்மா இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் எடுத்தார். வியாபாரி நின்று பார்த்தார். பழையது ஓடித் தீர்ந்துவிட்டது. புதியது நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

"யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மா கஞ்சி காய்ச்சுறவங்க. எம் பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்கிறா" என்றார் அவர்.

விலை ஆகாயத்துக்கு ஏறிவிடவில்லை. சந்தை விலை என்னவோ அதுதான். ஆனால் கழிவு என்று ஒரு கிலோகூடப் பிடிக்கவில்லை. எல்லா மூட்டையும் வண்டியில் ஏறின. பழைய மூட்டைகளை அந்த அம்மாவே காட்டி, இது நனைந்தது என்று சொன்னார். அவை எருக்குழிக்குப் போயின.

அன்று சாயங்காலம் அவர் பணத்தை எண்ணி, மகளின் பரீட்சைக் கட்டணத்தை ஒரு தாளில் மடித்து வைத்தார். போன வருடத்துக் கைமாற்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். மீதி இருந்ததில் ஒரு புதுத் தார்ப்பாய் வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். பழையதில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.